கெலவரப்பள்ளி அணையில் நுரை அடங்கிடுச்சு... அப்போ தண்ணீர் சுத்தமா? டீ டம்ளரில் இருக்கு பதில்!

பெங்களூருவில் நல்ல மழை பெய்தால் போதும், ஒசூர் கெலவரப்பள்ளி அணையிலிருந்து ஒரு வீடியோ வந்துவிடும். மதகுக்குக் கீழே தென்பெண்ணை ஆறு வெள்ளை வெளேரென்று நுரைத்துக் கிடக்கும். சில நேரம் தரைப்பாலமே தெரியாது. சில நாளில் நுரை அடங்கும், கூடவே செய்தியும் அடங்கிவிடும். ஆனால் அந்தத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சுபவருக்கும் மாட்டுக்குக் காட்டுபவருக்கும் கேள்வி அப்போதுதான் தொடங்குகிறது. நுரை போயிடுச்சு, தண்ணீர் நல்லாயிடுச்சா?

வெறும் தண்ணீர் ஏன் நுரைப்பதில்லை?

டீ மாஸ்டர் கையைத் தூக்கி ஆற்றும்போது டம்ளரில் நுரை பொங்கும். அதே உயரத்திலிருந்து நல்ல தண்ணீரை ஊற்றிப் பாருங்க. குமிழி வரும், உடனே உடைஞ்சிடும்.

காரணம், பரப்பு இழுவிசை. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். மேற்பரப்பில் இருப்பதற்கு மேலே இழுக்க ஆளில்லை என்பதால், அது உள்நோக்கி இழுபடும். அதனால் தண்ணீரின் மேற்பரப்பு முடிந்தவரை சுருங்கவே பார்க்கும். நுரைக்கோ நிறைய மேற்பரப்பு வேண்டும்.

இங்கேதான் சலவைத் தூள் உள்ளே வருகிறது. அதன் மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. அதனால் தலையைத் தண்ணீரிலும் வாலைக் காற்றிலும் வைத்து மேற்பரப்பில் வரிசையாக நின்றுகொள்ளும். இழுவிசை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். குமிழியின் சுவர் எங்காவது மெலிந்தால், அந்த இடத்தில் இழுவிசை சற்றுக் கூடி, பக்கத்துத் தண்ணீரை இழுத்து அடைத்துக்கொள்ளும். குமிழி நிலைக்கும் ரகசியம் அதுதான். டீயில் இதே வேலையைச் செய்வது பாலின் புரதம்.

இதை ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர், கல்லூரிப் படியே ஏறாத ஜெர்மன் பெண் ஆக்னஸ் பொக்கெல்ஸ். வீட்டில் பாத்திரம் கழுவும் தண்ணீரில் தொடங்கிய அவரது சோதனைகள், 1891-ல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியாயின.

அணையில் மட்டும் ஏன் இவ்வளவு?

தென்பெண்ணை பிறப்பது கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில். பெங்களூருவின் கழிவுநீரைச் சுமக்கும் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரிநீரும் இந்த ஆற்றில்தான் சேர்கிறது. பிறகு கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. மழை நேரத்தில் ஆலைக் கழிவுகளையும் சேர்த்துத் திறந்துவிடுகிறார்கள் என்பது இங்குள்ள விவசாயிகளின் நீண்ட நாள் குற்றச்சாட்டு.

சலவைத் தூளைப் பாக்டீரியாக்கள் தின்று சிதைத்துவிடும். ஆனால் அதற்கு ஆக்சிஜன் வேண்டும். சாக்கடை நிறைந்த நீரில் அது ஏது? சிதையாமல் வருகிற நீர், அணையின் மதகில் உயரத்திலிருந்து விழுந்து காற்றோடு கலக்கிறது. மதகுதான் இங்கே டீ மாஸ்டரின் கை! அணைக்குள் தேங்கி நிற்கும்போது நுரை பெரிதாகத் தெரியாததற்கும், ஷட்டரைத் திறந்ததும் மலைபோல் எழுவதற்கும் இதுவே காரணம்.

நுரைக்கு பாஸ்பேட்டைக் குற்றம் சொல்வதும் உண்டு. நாமும் செய்திகளில் அப்படி எழுதியிருக்கிறோம். உண்மையில் பாஸ்பேட் நுரைக்காது. அது ஆகாயத்தாமரைக்கும் பாசிக்கும் உரமாகும். அது வேறு தலைவலி.

ஒரு சின்னக் கணக்கு

நுரையின் பெரும்பகுதி காற்று. நூற்றில் 98 பங்கு காற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள நுரைப் பெட்டியில் தண்ணீர் 20 லிட்டர்தான், அதாவது ஒரு கேன். குமிழிச் சுவரின் தடிமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால், வெறும் ஒரு மில்லி லிட்டர் சோப்பு நீரை ஒரு சதுர மீட்டருக்கு விரிக்கலாம்!

ஆக, நுரையின் உயரத்தைப் பார்த்து கழிவின் அளவைச் சொல்ல முடியாது. உயரத்தில் பாதி, தண்ணீர் விழுந்த வேகத்தின் வேலை.

அடங்கினால் சுத்தமா?

டீயில் நுரை அடங்கினால் சர்க்கரை காணாமல் போயிடுமா? போகாது. ஆற்றிலும் அப்படித்தான். குமிழி உடையும்போது அதில் இருந்த சலவைத் தூளும் அழுக்கும் மறுபடி தண்ணீரிலேயே கரைகின்றன. நுரை மேல் தண்ணீர் பீய்ச்சி அடித்தாலும் இதே கதைதான். பாலத்தில் வண்டி ஓட்ட அது உதவும், தண்ணீரைச் சுத்தம் செய்யாது. கரைந்த உப்பும் உலோகங்களும் நுரைப்பதே இல்லை என்பதால், நுரை இல்லாத தெளிந்த நீரிலும் அவை இருக்கலாம்.

பிறகு எதைப் பார்ப்பது? 'பிஓடி' என்ற எண்ணை. ஒரு லிட்டர் நீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க பாக்டீரியாவுக்கு எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் தேவை என்று சொல்லும் எண் இது. சுத்தமான ஆற்று நீரில் சுமார் 25 டிகிரி வெப்பத்தில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுதான். தேவை 30 என்றால்? ஆக்சிஜன் காலியாகும், மீன் செத்து மிதக்கும். குளிக்க உகந்த நீருக்கு பிஓடி 3-க்கு மேல் போகக் கூடாது, கரைந்த ஆக்சிஜன் 5-க்குக் குறையக் கூடாது என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

பாசனத்துக்கு வேறு எண்கள். கார அமிலத் தன்மை 6 முதல் 8.5-க்குள் இருக்கிறதா, கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் 2,250-ஐத் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மண் பரிசோதனைக்குப் போகிறவர்கள், கால்வாய்த் தண்ணீரையும் ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்து உடன் எடுத்துச் சென்று, அதைப் பரிசோதிக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். நுரை பொங்கும் நாளில் ஒன்று, அடங்கிய பிறகு ஒன்று என இரண்டு பாட்டில் எடுத்தால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

அதுவரை நுரைக்குள் இறங்கி செல்ஃபி எடுக்கும் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துங்க. பாலத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்று அந்த வெள்ளைக்குள் யாருக்கும் தெரியாது.