பன்னிரண்டே படங்கள்

பொழுதுபோக்கு பலவகை. தபால்தலை சேர்ப்பார் சிலர். நாணயம் சேர்ப்பார் சிலர். என்னைப் பிடித்துக்கொண்டதோ பழைய பிலிம் கேமரா. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்த ஆக்பா கிளிக் 3 அது. ஒரு காலத்தில் நம் நாட்டில் பல வீடுகளில் இருந்த எளிய கருவி.

இதற்குரிய சுருளை 120 என்பர். 1901-இல் கோடக் கம்பெனி அறிமுகப்படுத்திய அளவு இது, இன்றும் கிடைக்கிறது. கறுப்புத் தாளோடு சேர்த்துச் சுற்றப்பட்டிருக்கும். தாளின் முதுகில் அச்சிட்ட எண்களைக் கேமராவின் பின்புறச் சிவப்புச் சாளரத்தில் பார்த்துத் திருப்ப வேண்டும். ஆறு சென்டிமீட்டர் சதுரமாகப் பன்னிரண்டு படம், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொன்றும் சாதாரண 35 மில்லிமீட்டர் படத்தைவிடப் பரப்பில் ஏறத்தாழ மூன்றரை மடங்கு பெரிது. ஆகவே நல்ல லென்ஸ் வாய்த்தால் வலையின் கண்களைக்கூட எண்ணிவிடலாம்.

இதைத் தூக்கிக்கொண்டு நான் செல்லுமிடம் பழவேற்காடு. 1613-இல் டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியாக் கோட்டை இன்று மேடாகிக் கிடக்கிறது. அவர்களுடைய கல்லறைத் தோட்டத்து வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கின்றன. அப்பால் ஏரி, படகுகள், பருவத்தில் வரும் பூநாரைகள்.

வெளிச்சத்தைக் கணிக்க ஓர் எளிய வழி உண்டு. துவாரமும் வேகமும் மாற்றக்கூடிய கேமராவில் 100 வேகச் சுருள் போட்டு, நல்ல வெயிலில் துவாரத்தை 16-இல் வைத்தால், ஷட்டர் 125-இல் ஒரு பங்கு நொடி போதும். ஏரி நீர் பளபளக்கும் வேளையில் துவாரத்தை 22-க்குக் குறைக்கலாம். என் கிளிக்கில் இவ்வளவு வசதியில்லை. காலை இளவெயிலுக்குக் காத்திருப்பதே வழி.

ஒருமுறை படகோட்டி ஒருவர், “எங்கம்மாவை ஒரு படம் எடு தம்பி” என்றார். பன்னிரண்டாவது படமாக அந்தப் பாட்டியை எடுத்தேன். எடுத்த அவசரத்தில் தாளை முழுவதும் சுற்றாமலே, வெயிலில் கேமராவைத் திறந்துவிட்டேன்! சுருளில் கடைசியாக எடுத்த படமே வெளிச்சுற்றில் இருக்கும். உள்ளே சுற்றியிருந்த கல்லறைகள் தப்பின. பாட்டியை வெயில் தின்றுவிட்டது.

அடுத்த மாதம் தலைகுனிந்து போய் நின்றேன். “படம் போனா போவுது தம்பி, நான் இங்கதானே கீறேன்” என்று சிரித்துக்கொண்டே மீன்கூடையோடு மறுபடி உட்கார்ந்தார். இம்முறை முதல் படமே அவருடையது. கடைசிவரை சுற்றி, நிழலில் திறந்து, பத்திரமாகக் கழுவி, பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “எங்கம்மா மாதிரியே கீறேன்” என்றார்.

1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் உதகை ஆலை மூடப்பட்டுவிட்டது. வெளிநாட்டுச் சுருளைத்தான் இன்று நம்பியிருக்கிறோம். விலையும் அதிகம். கைப்பேசியில் ஒரே நாளில் ஆயிரம் படம் எடுக்கும் காலத்தில் இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கின்றனர். பன்னிரண்டுதான் என்றிருப்பதால்தான், எதை எடுப்பது என்று நின்று பார்க்கிறேன். கல்லறை காத்திருக்கும், மனிதர் காத்திருப்பாரா? ஆகவே நண்பர்களே, எந்தக் கருவியானாலும், முதல் படத்தை உங்கள் வீட்டுப் பாட்டிக்கு வையுங்கள்.