மல்யுத்த வீடியோ கேமில் யாருக்கு இடம்? பலம் மட்டும் போதாது... கையெழுத்தும் வேணும்!

செங்கல்பட்டு:

'மாமல்லன்' என்றால் பெரிய மல்லன், அதாவது மல்யுத்தத்தில் கைதேர்ந்தவன் என்று அர்த்தம். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனின் இந்தப் பட்டப்பெயரில் இருந்துதான் மாமல்லபுரத்துக்குப் பெயர் வந்தது. அந்த ஊர்ப் பக்கத்துப் பையன்களுக்கும் மல்யுத்தம் என்றால் குஷிதான். ஆனால் மண்ணில் இறங்கி அல்ல, டி.வி.யிலும் வீடியோ கேமிலும்!

புது கேம் கைக்கு வந்ததும் பையன்கள் முதலில் பார்ப்பது, யார் யார் இருக்காங்க என்பதைத்தான். பிடித்த ஆள் இல்லை என்றால் முகம் தொங்கிப் போகும். ஒரு புது கேம் சில ஆயிரம் ரூபாய். கூலி வேலை செய்யும் அப்பாவுக்கு அது பல நாள் சம்பளம். எனவே இந்தப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று தெரிந்துகொண்டு பர்சைத் திறப்பது நல்லது.

செஸ் மாதிரி இல்லை

2022-ல் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. நம்ம குகேஷ், பிரக்ஞானந்தா இருந்த இந்திய 'பி' அணி வெண்கலம் வென்றது. செஸ் அணிக்கு ஆள் எடுக்க ஆட்டத் திறமையும் ரேட்டிங் புள்ளியும் பார்ப்பார்கள்.

மல்யுத்த கேமில் கதையே வேறு. டபிள்யூ.டபிள்யூ.இ. என்பது யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்து நடத்தும் நிகழ்ச்சி. அடி, விழுதல், வலி எல்லாம் நிஜம். முடிவு மட்டும் கதை. ஆகவே கேமுக்கு ஆள் எடுப்பதும் சினிமாவுக்கு நடிகர்களை ஒப்பந்தம் செய்வது மாதிரிதான்.

நாலு படி தாண்டணும்

முதல் படி, ஒப்பந்தம். வீரரின் பெயர், முகம், உடை, இசை எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். கம்பெனியில் இருப்பவர்களுக்கு அது ஒப்பந்தத்திலேயே வந்துவிடும். ஓய்வு பெற்ற பழைய ஜாம்பவான்களுடன் தனியாகப் பேசி கையெழுத்து வாங்க வேண்டும். பேரம் படியவில்லை என்றால் அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கேமில் வர மாட்டார்.

இரண்டாவது, ஸ்கேன். சுற்றிலும் கேமராக்களை வைத்து, நடுவில் வீரரை நிற்க வைத்து முகத்தையும் உடம்பையும் படம் பிடிப்பார்கள். அதை வைத்துத்தான் கம்ப்யூட்டரில் உருவம் செய்கிறார்கள்.

மூன்றாவது, கடைசி தேதி. சமீப வருடங்களில் இந்த கேம்கள் மார்ச் மாதம் வெளியாகின்றன. ஆனால் பட்டியலை அதற்குப் பல மாதம் முன்பே மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு புகழ் பெற்றவர் அடுத்த வருடம்தான் வருவார். வேலையை விட்டு அனுப்பப்பட்டவர் கேமுக்குள் மட்டும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்! 2022 மார்ச்சில் வந்த 2கே22 கேமில் இந்தக் கூத்து நடந்தது. கம்பெனி ஏற்கனவே அனுப்பிவிட்ட பலர் அதில் இருந்தார்கள்.

நான்காவது, பெயர் கெடாமல் இருக்க வேண்டும். கிறிஸ் பென்வா 2007 ஜூனில் மனைவியையும் மகனையும் கொன்றுவிட்டு தற்கொலை செய்துகொண்டார். முந்தைய கேம்களில் இருந்த அவரை 2008 பதிப்பில் பார்க்க முடியவில்லை. இனவெறிப் பேச்சு வெளியானதால் 2015-ல் ஹல்க் ஹோகனையே கம்பெனி கைகழுவியது. அந்த வருடம் வந்த 2கே16 கேமிலும் அவருக்கு இடம் இல்லை.

காளி வந்தார்

பென்வா போன அதே 2008 பதிப்பில்தான் நம்ம நாட்டு 'தி கிரேட் காளி' வந்தார். இமாச்சலப் பிரதேசத்தைச் சேர்ந்த இவரது நிஜப் பெயர் தலிப் சிங் ராணா. பஞ்சாப் போலீசில் இருந்தவர். உயரம் 7 அடிக்கு மேல். 2006-ல் வந்த வேகத்தில் அண்டர்டேக்கரையே சாய்த்தார். 2007 ஜூலையில் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்ற முதல் இந்தியர் ஆனார். நம்ம ஆளை நாமே கையில் பிடித்து ஆட வைக்கும் சந்தோஷம் அப்போதுதான் கிடைத்தது.

அடுத்து 2017-ல் சாம்பியன் ஆனவர் ஜிந்தர் மகால். இவர் கனடாவில் பிறந்த பஞ்சாபி வம்சாவளி. 2024 ஏப்ரலில் இவரையும் கம்பெனி விடுவித்தது. ஒப்பந்தம் போனால் அடுத்த கேமில் இடம் கிடைப்பது கஷ்டம்தான்.

இதில் வீரர்களுக்கு இழப்பு கௌரவம் மட்டும் அல்ல. கேமில் முகம் இருந்தால் விற்பனையில் பங்குத் தொகை கிடைக்கும். பட்டியலில் பெயர் இல்லை என்றால் அந்தக் காசும் இல்லை.

பச்சைக்கும் வழக்கு!

ராண்டி ஆர்டன் கையில் உள்ள டாட்டூவை வரைந்த பெண், "என் ஓவியத்தைக் கேட்காமல் கேமில் போட்டுவிட்டார்கள்" என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டார். 2022-ல் ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஜூரி சொன்ன இழப்பீடு 3,750 டாலர்தான். ஆனாலும் வீரர் ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது, பச்சை குத்தியவரின் உரிமையையும் பார்க்கணும் என்று கேம் கம்பெனிகளுக்குப் புரிந்தது.

தூண்டிலில் மாட்டாதீங்க

2025-ல் வந்த 2கே25 கேமில் 300-க்கும் மேற்பட்டவர்கள் இருப்பதாக விளம்பரம் செய்தார்கள். அதைக் கேட்டு மயங்க வேண்டாம். ஒரே வீரர் பழைய வேஷம், புது வேஷம் என்று இரண்டு மூன்று முறை எண்ணிக்கையில் வருவார்.

பெரிய தலைகளைத் தூண்டில் புழுவாக வைப்பதும் உண்டு. முன்பதிவு செய்தவர்களுக்கு 2014-ல் ஸ்டிங், 2016-ல் கோல்ட்பர்க் என்று தந்தார்கள். 2015-ல் மல்யுத்த வீரரே அல்லாத 'டெர்மினேட்டர்' அர்னால்டு கிடைத்தார்! அந்தக் காலத்து பி.எஸ்.2 டிஸ்க்கில் எல்லாரும் உள்ளேயே இருப்பார்கள். இப்போது பலரை வெளியீட்டுக்குப் பிறகு தனிக் காசுக்கு விற்கிறார்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் உஷார். முன்பதிவு கோடு ஒரு தடவைதான் வேலை செய்யும். முதலில் வாங்கியவர் அதைப் போட்டிருந்தால் அந்த வீரர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். சில வருடம் கழித்து சர்வரையும் நிறுத்திவிடுவார்கள். பிறகு ஆன்லைன் வசதி எதுவும் கிடையாது.

மாமல்லனை நாமே செய்யலாம்

அப்போ நம்ம ஊரு ஆளுக்கு வழியே இல்லையா? இருக்கு. சொந்தமாக வீரரை உருவாக்கும் வசதி இந்த கேம்களில் உண்டு. உயரம், மீசை, உடை, குத்து எல்லாம் நம்ம இஷ்டம். 'மாமல்லன்' என்று பெயரும் வைக்கலாம். ஆனால் அறிவிப்பாளர் கூப்பிடும் பெயரை அவர்கள் பதிவு செய்து வைத்த பட்டியலில் இருந்துதான் எடுக்கணும். அதில் மாமல்லனைத் தேடினால் ஏமாற்றம்தான்.

கடைக்குப் போகும் முன் மூன்று கேள்வி கேளுங்க. பையனுக்குப் பிடித்த வீரர் டிஸ்க்கிலேயே இருக்கிறாரா? இல்லை, தனிக் காசா? ஆன்லைன் இல்லாமல் ஓடுமா? பதில் தெரிந்த பிறகு பணத்தை எடுங்க. வீட்டில் பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருந்தால், புதுசில் வேண்டிய ஆள் யாராவது கூடியிருக்கிறார்களா என்று பையனையே பட்டியல் போடச் சொல்லுங்க. இரண்டு பேர்தான் தேறுகிறார்கள் என்றால் இந்த வருடக் காசு மிச்சம்!