மோட்டார் இழுக்கவில்லை என்றால் யாரைக் கேட்பது?

தாம்பரம் முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், வீட்டு முன்புறத்தில் தகரம் போட்டு நடக்கிறது அந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டறை. முதலாளிதான் வெல்டர், அவரேதான் பாலிஷ்காரர். கூட ஒரு பையன். மாடிக் கைப்பிடி செய்யச் சொல்லிவிட்டு அது எப்போது வரும் என்று கேட்கப் போய் நின்றவன் நான். வேலை நின்றுபோயிருந்தது. பெல்ட் கிரைண்டர் சும்மா ஓடும்போது சீறுகிறது, குமிழைத் திருப்பினால் வேகம் ஏறி இறங்குகிறது. பற்றவைத்த பைப்பை வைத்து அழுத்தினால் மட்டும் முனகிக்கொண்டு படுத்துவிடுகிறது.

“வைண்டிங் போயிடுச்சுண்ணே, இன்னைக்கே கழட்டிக் குடுத்தா ரெண்டு நாள்ல கட்டிடலாம்” என்று வைண்டிங் கடைக்காரர் சொல்லியிருந்தார். மோட்டாரின் இரண்டு போல்ட் ஏற்கெனவே கழன்று கிடந்தன. பையன் துடைத்த நேம் பிளேட்டில் இருந்தது இவ்வளவுதான்: 2 எச்.பி., 415 வோல்ட், ஸ்டார். பக்கத்தில் சுவரில் மாட்டியிருந்த டிரைவோ, சிங்கிள் பேஸ் கரண்டை வாங்கி மூன்று பேஸாக்கித் தருவது. அது தரும் அழுத்தம் 230 வோல்ட்தான்.

கோளாறு அங்கேதான். 415 வோல்ட் ஸ்டார் மோட்டாரில் ஒவ்வொரு சுருளுக்கும் 240 வோல்ட் வேண்டும். ஸ்டாரில் விட்டபடியே 230 கொடுத்தால் ஒரு சுருளுக்குக் கிடைப்பது சுமார் 133 வோல்ட். மோட்டாரின் இழுவிசை அழுத்தத்தின் இருமடிக்கேற்பக் குறையும் என்பதால் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. சும்மா சுற்ற அது போதும், இரும்பைத் தேய்க்கப் போதாது. டெர்மினல் பாக்ஸில் ஒரே வரிசையாகக் கிடக்கும் பித்தளை லிங்க்குகளை மூன்று ஜோடிகளாக மாற்றி, ஒவ்வொரு சுருளுக்கும் முழு 230 வோல்ட்டும் கிடைக்கும் டெல்டாவாக்கினால் தீர்ந்தது. டெல்டாவில் மோட்டார், 415 வோல்ட் ஸ்டாரில் எடுப்பதைப் போல் சுமார் 1.7 மடங்கு ஆம்பியர் எடுக்கும். டிரைவ் அதைத் தாங்குமா என்று பார்த்து, அதன் செட்டிங்கிலும் அந்த ஆம்பியரைப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் ஓவர்லோடு என்று நின்றுவிடும். ஒரு எச்சரிக்கை: நேம் பிளேட்டில் “415 வோல்ட், டெல்டா” என்று இருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. அந்த மோட்டாரையும் 230 வோல்ட் டிரைவையும் ஜோடி சேர்த்து விற்றதே தவறு.

லிங்க் சரியாக இருந்தும் இழுக்கவில்லையா? டிரைவில் அடிப்படை அலைவெண் 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். நம் மோட்டார்கள் 50-க்குச் செய்தவை. 50-க்கு மேல் ஓட்டினால் வேகம் கூடும், இழுவிசை குறையும். அது இயற்கை, பழுதல்ல. மிகக் குறைந்த வேகத்திலேயே நாள் முழுக்க ஓட்டினால் மோட்டாரின் வால்பக்க விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், சூட்டில் வைண்டிங் நிஜமாகவே போகும்.

திறந்து பார்க்கிற ஆர்வத்தில் உயிரை விடக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டிரைவுக்குள் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். மூடியில் எழுதியிருக்கும் நிமிடங்கள், எதுவும் எழுதியிராவிட்டால் பத்து நிமிடமாவது, காத்திருங்கள். தேய்த்த உலோகத் தூள் கரண்ட் கடத்தும். அதனால் டிரைவ் மூடிய பெட்டிக்குள், கிரைண்டரை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். டிரைவ் மாட்டியதும், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று அதை பைபாஸ் செய்கிற பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. தகரக் கூரை, ஈரத் தரை, இரும்புச் சட்டம், இவற்றுக்கு நடுவே அது தற்கொலைக்குச் சமம். எர்த்தைச் சரிசெய்து, டிரைவுக்கேற்ற வகை ஆர்.சி.சி.பி.யை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கேட்டு மாட்டுவதுதான் வழி.

மாலையில் மட்டும் மோட்டார் சோர்ந்தால் விஷயம் வேறு. பைப்பை அழுத்திப் பிடித்திருக்கும்போதே இரண்டு இடத்தில் அளக்கச் சொல்லுங்கள்: மீட்டர் பலகையில் ஒன்று, கிரைண்டர் செருகிய பிளக்கில் ஒன்று. மீட்டரில் 235, பிளக்கில் 205 என்றால் குற்றவாளி உங்கள் மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர். மீட்டரிலேயே விழுகிறதென்றால் பொறுப்பு மின்வாரியத்துடையது. தமிழ்நாட்டில் தாழ்வழுத்த இணைப்பில் 6 சதவீதத்துக்கு மேல் ஏற்றமோ இறக்கமோ கூடாது. 240 என்றால் கீழெல்லை ஏறக்குறைய 225. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987-இல் புகார் சொல்லி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக லைன்மேனிடம் சொன்னது கணக்கில் வராது. தீரவில்லை என்றால் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றம். அதற்கும் மேலே மின் குறைதீர்ப்பாளர். அவர் அலுவலகம் நமக்குப் பக்கம்தான், கிண்டி தொழிற்பேட்டையில். 2003 மின்சாரச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு தந்த ஏணி இது. சேவைத் தரம் தவறினால் இழப்பீடு என்கிறது 57-ஆவது பிரிவு.

ஆனால் மனுவை எழுதுமுன் உங்கள் மின் அட்டையில் எந்தக் கட்டண வகை இருக்கிறதென்று பாருங்கள். தாம்பரம், பெருங்களத்தூர், சேலையூர் பக்கம் வீட்டு இணைப்பிலேயே பட்டறை ஓட்டுபவர்கள் நிறைய. அது அதே சட்டத்தின் 126-ஆவது பிரிவில் அங்கீகாரமற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு, காலம் தெரியாவிட்டால் 12 மாதத்துக்குப் போடலாம். 12 கிலோவாட்டுக்குள் உள்ள குறுந்தொழிலுக்கென்றே தனிக் கட்டண வகை இருக்கிறது. முதலில் அதற்கு மாறுங்கள், பிறகு சண்டை போடுங்கள்.

பொருத்தமற்ற மோட்டாரையும் டிரைவையும் கட்டித் தந்த கடைக்காரரை என்ன செய்வது? “தொழிலுக்கு வாங்கினது, கன்ஸ்யூமர் கோர்ட்டெல்லாம் செல்லாது” என்பார். பாதி உண்மை. கோவையின் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் விற்ற கணினிவழிக் கடைசல் எந்திரம் ஒன்றைப் பற்றிய லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை அலசியது. வாங்கிய நிறுவனம் நுகர்வோர் அல்ல என்று முடிந்தது. ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழிலாக வாங்கித் தானே இயக்குகிறவர் நுகர்வோர்தான், ஒத்தாசைக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்று அதே தீர்ப்பு சொன்னது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் அந்த விளக்கம் நீடிக்கிறது. ஆக, ஒரு பையனை வைத்துக்கொண்டு தானே பாலிஷ் போடும் முடிச்சூர்க்காரருக்கு வழி திறந்தே இருக்கிறது. பத்து பேரை வைத்து ஓட்டுபவர் சிவில் கோர்ட்டைத்தான் நாட வேண்டும்.

முதலில் 1915 என்ற தேசிய உதவி எண். பிறகு செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை பாரிமுனையில் இருந்தாலும் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பவும் ஆணையத்தால் முடியும். ஆனால் வைண்டிங்கைப் பிரித்துச் செம்பை எடைக்குப் போட்ட பிறகு அனுப்புவதற்கு என்ன இருக்கும்?

கழன்ற இரண்டு போல்ட்டையும் பையன் திரும்ப முடுக்கினான். முதலாளி தேடியது பில்லை. வெல்டிங் ராடு டப்பாவின் அடியிலிருந்து, நாலாக மடித்து எண்ணெய் ஊறிப்போய் வந்தது. தேதி தெரிந்தது, பதினான்கு மாதம் ஆகியிருந்தது.