ஒரே ஒரு ‘சாக்கிட்’டில் அடங்குமா நம் பெண்களின் வலி?

விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, சோறு வடித்து, கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடிய காலத்தை நம் தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள். தலையில் கட்டிய துணிக்கும் காலில் மாட்டிய பூட்சுக்கும் நடுவே இருந்த அந்த உடம்பு எங்கெங்கே வலித்தது என்று அன்று யார் கேட்டார்கள்? கங்காணி கேட்கவில்லை. கிராணியும் கேட்கவில்லை. வீட்டு ஆம்பிளைகளாகிய நாமாவது கேட்டோமா என்றால், அதுவும் இல்லை.

சில வாரங்களுக்கு முன்பு பீடோங் பக்கம் ஒரு வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டு அக்காவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. இருபது வருஷம் பால்மரம் சீவியவர். பிறகு செம்பனைக்கு மாறி மருந்தடித்தவர். பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்குப் போன பின்பு தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்துவிட்டார். காலை நீட்டி உட்கார்ந்து கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

“கிளினிக்குக்குப் போனேன் தம்பி. டாக்டரு சின்னப் பொண்ணு. மலாய்ல என்னமோ கேட்டுச்சு. நான் ‘சாக்கிட்’னு சொன்னேன். எங்கேன்னு கேட்டுச்சு. இடுப்பு, காலு, தோளுன்னு காட்டினேன். பனடோல் குடுத்து அனுப்பிட்டாங்க.”

சரி, வலி எப்படி இருக்கிறது என்று நாம் கேட்டோம். அந்த அக்கா வாயைத் திறந்தாரே பார்க்கலாம்! இடுப்பு கடுக்கிறதாம். தோள்பட்டை சுண்டி இழுக்கிறதாம். கால் விரல் மதமதவென்று மரத்துப்போய் செருப்பு கழன்று விழுவதே தெரிவதில்லையாம். ராத்திரியில் உள்ளங்கால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிகிறதாம். அடிவயிற்றில் ஒரு பாரம், “எதோ கீழே எறங்குற மாதிரி.” கடைசியாகச் சொன்னதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார், மருமகன் கூடத்தில் இருந்ததால்.

ஒரு பெண்ணின் உடம்பில் ஐந்து விதமான வலி. ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனிச்சொல் இருக்கிறது. டாக்டர் மேசைக்குப் போய்ச் சேர்ந்ததோ ஒரே ஒரு சொல், ‘சாக்கிட்’. அந்த ஒரு சொல்லுக்கு பனடோல்தான் கிடைக்கும். இதில் டாக்டரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

மலாய் மொழியில் வலிக்குச் சொல் பஞ்சம் இல்லை. கடுப்பும் உளைச்சலும் என்றால் ‘செங்ஙால்’ அல்லது ‘லெங்ஙோ’ என்பார்கள். எரிச்சலுக்கு ‘பெடே’. ஊசி குத்துவதுபோல் இருந்தால் ‘சூச்சோக்’. விண்விண்ணென்று தெறித்தால் ‘பெர்டெஞோட்’. சுண்டி இழுத்தால் ‘கெஜாங்’. மரத்துப்போனால் ‘கெபாஸ்’. இந்த ஆறேழு சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்க, பள்ளிக்கூடம் போகிற பேத்திக்கு ஐந்து நிமிஷம் போதும்.

‘கெபாஸ்’ என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறோம். 2019-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், பெரியவர்களில் 100-க்கு 18 பேருக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரிந்தது. இந்தியர்களிடையே மட்டும் அது 100-க்கு 31 பேர். கால் மரத்துப்போவதும் இராத்திரியில் உள்ளங்கால் எரிவதும் இனிப்புநீர் நரம்பைக் கெடுத்துவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். “வயசாச்சு, ரத்த ஓட்டம் இல்லே” என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால், காலில் முள் குத்தினாலும் தெரியாது. புண் வந்தாலும் தெரியாது. கடைசியில் விரலை எடுக்கச் சொல்வார்கள். ‘சாக்கிட்’ என்று சொன்ன பெண்ணுக்கு மாத்திரை கிடைக்கும். ‘காக்கி கெபாஸ்’ என்று சொன்ன பெண்ணின் காலை டாக்டர் தொட்டுப் பார்ப்பார், இரத்தத்தையும் சோதிப்பார்.

இனி மருந்தடிக்கும் வேலைக்கு வருவோம். 16, 18 லிட்டர் பிடிக்கும் பம்பை முதுகில் சுமந்து நிரை நிரையாக நடந்த பெண்கள் கெடாவில் எத்தனையோ பேர். மூடி சரியாக இறுகாத பம்பிலிருந்து மருந்துத் தண்ணீர் முதுகில் வழியும். சேலைத் துணியோ பழைய சட்டையோ நனைந்து உடம்போடு ஒட்டும். மத்தியானம் அதே கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிடுவார்கள். நகம் கறுத்து விழுந்தது, மூக்கில் இரத்தம் வந்தது, தோல் வெந்தது. கிளினிக்கில் டிரசரிடம் காட்டினால் களிம்பு தடவிவிட்டு, “நாளைக்கு வேலைக்குப் போகலாம்” என்பார். எம்.சி. கேட்டால், வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறாள் என்று பெயர்.

அந்த மருந்துகளில் மிகக் கொடியது பாராகுவாட். கடையில் கிராமக்சோன் என்று விற்றது அதுதான். ஒரு வாய் விழுங்கினாலே உயிர் போகும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. சிராய்ப்போ வெடிப்போ இருக்கும் தோல் வழியாகவும் உள்ளே இறங்கும். முள்ளும் மட்டையும் கீறாத கை நம் பெண்களில் யாருக்கு இருந்தது?

இந்த வலியை முதலில் காகிதத்தில் ஏற்றியவர்களில் ஒருவர் நம் ஊர்ப் பெண்மணிதான் என்பதைச் சொல்வதில் நமக்குப் பெருமை உண்டு. ஐரின் பெர்னாண்டஸ், 1946-ல் சுங்கைப்பட்டாணியில் பிறந்தவர். ஆசிரியராக இருந்தவர் அந்த வேலையை விட்டுவிட்டுத் தொழிலாளர் பக்கம் வந்தார். 1991-ல் ‘தெனாகானித்தா’ என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். மருந்தடிக்கும் பெண்களைத் தேடிப்போய், உட்கார்ந்து, கேட்டு எழுதினார்கள். 1992-ல் ஓர் அறிக்கை வந்தது. பினாங்கிலிருந்து இயங்கும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்போடு சேர்ந்து 2002-ல் இன்னொன்று வந்தது. தலைச்சுற்றல், முதுகுவலி, மூச்சுத்திணறல், கண் எரிச்சல், தோல் அரிப்பு, நெஞ்சு இறுக்கம் என்று லயத்து வாசலில் பேசிக் கரைந்துபோன பேச்செல்லாம் அங்கே ஆதாரமாக நின்றது.

2002-ல் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. 2006-ல் அந்தத் தடையைத் தளர்த்திவிட்டார்கள். ஒருவழியாக 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நாட்டில் முழுத் தடை. பதினெட்டு வருஷம்! இதைப் பார்க்க ஐரின் இல்லை, 2014-ல் காலமாகிவிட்டார்.

பாராகுவாட் போனதால் மருந்தடிப்பில் ஆபத்தே இல்லை என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. களைக்கொல்லி வேறு பெயர்களில் இருக்கத்தான் செய்கிறது. இன்றைக்கு அந்தப் பம்பைத் தூக்குபவர்களில் இந்தோனேசியா, வங்காளதேசத்திலிருந்து வந்தவர்களே அதிகம். அவர்கள் வலியையும் இப்போது யாரோ ஒரு சொல்லில் சுருக்கிக்கொண்டுதான் இருப்பார்கள். நம்மில் இன்னும் அந்த வேலை செய்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். உடம்புக்கு முடியவில்லை என்று டாக்டரிடம் போகும்போது மருந்துப் போத்தலின் லேபிளைக் கொண்டுபோங்கள். லேபிள் கிடைக்காவிட்டால் கைப்பேசியில் படமாவது எடுத்துக்கொள்ளுங்கள். “மருந்தடிக்கிற வேலை, இத்தனை வருஷம்” என்று வாய்விட்டுச் சொல்லி, அதை அட்டையில் எழுதச் சொல்லுங்கள். எழுதாத நோய்க்குப் பெர்கேசோவில் பேச முடியாது. வேலையால் வரும் நோய்களுக்கென்று பெர்கேசோ சட்டத்தில் தனிப் பட்டியலே இருக்கிறது. ஆனால் எந்த வேலை, எந்த மருந்து, எத்தனை வருஷம் என்ற பதிவு இல்லாமல் அந்தப் பட்டியல் நமக்கு உதவாது.

எம்.சி. கேட்கக் கூச்சப்படவும் வேண்டாம். வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சர்வீசுக்கு வருஷத்தில் 14 நாள், ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள். 2023 முதல் இது தனிக்கணக்கு. பிள்ளைப்பேற்று விடுப்பும் அதே ஆண்டில் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது.

இந்த 98 நாள் அன்றைக்கு இருந்திருந்தால் எத்தனை பெண்களின் இடுப்பு பிழைத்திருக்கும்! பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு காண்டாவில் இரண்டு வாளிப் பாலைத் தூக்கி மேட்டில் ஏறியவர்கள் அல்லவா? பீடோங் அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்ன அந்த “எறங்குற மாதிரி” என்பது அங்கிருந்து தொடங்கியதாக இருக்கலாம். கர்ப்பப்பை இறங்குவது வெட்கப்பட வேண்டிய நோய் அல்ல. பல பிரசவமும் கனம் தூக்கியதும் அடித்தசையைத் தளர்த்திவிடுகின்றன. பயிற்சி உண்டு, உள்ளே பொருத்தும் வளையம் உண்டு, தேவைப்பட்டால் அறுவைச் சிகிச்சையும் உண்டு. இதை முப்பது வருஷமாகப் புருஷனிடம்கூடச் சொல்லாமல் துணியை மடித்து வைத்துக்கொண்டு நடந்த பெண்கள் நமக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

மாதவிடாய் நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அதைச் “சூடு” என்று தள்ளிவிடாதீர்கள், உடனே காட்டுங்கள். ஆண் டாக்டர் என்றால் கூச்சம்தான், நமக்குப் புரிகிறது. பெண் டாக்டரோ நர்சோ வேண்டும் என்று கேட்டுப்பார்க்கலாம், தப்பில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. சோதனை 2019 முதல் படிப்படியாக அரசாங்கக் கிளினிக்குகளுக்கு வந்திருக்கிறது. அதில் திரைக்குப் பின்னால் போய், மாதிரியை நீங்களே எடுத்துக் கொடுத்துவிடலாம். முப்பதைத் தாண்டியவர்கள் விசாரியுங்கள்.

அன்று நாம் புறப்படும் முன்பு, அந்த அக்காவின் பேத்தி ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து எழுதினாள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலாய். இடுப்பு: ‘செங்ஙால்’. கால் விரல்: ‘கெபாஸ்’. உள்ளங்கால்: ‘பெடே’. நான்காவது வரியில் பேத்தி நிறுத்திப் பாட்டியைப் பார்த்தாள். அக்கா நம்மை ஒருமுறை, கூடத்தை ஒருமுறை பார்த்தார்.

“எழுதுடி,” என்றார். “அதையும் எழுது.”