மோட்டார் பெல்ட் அடிக்கடி தேய்வது ஏன்?

தீபாவளிக்கு முந்திய வாரங்களில், சிவகாசியினின்று விருதுநகர் வழியாக வெடிச்சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகளை நம் மாணவர் பலரும் கண்டிருப்பர். அவற்றுள் ஒன்று நள்ளிரவில் விளக்கு மங்கி நடுவழியில் நிற்குமாயின், ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் அறுந்திருத்தல் கூடும். பல இஞ்சின்களில் தண்ணீர்ப் பம்பையும் அதே பெல்ட் சுழற்றுதலால், இஞ்சினும் கொதிப்பேறும். அத்தகைய சரக்குடன் இருளில் நிற்பதன் அபாயத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

புதுப் பெல்ட் மாட்டுதல் எளிது. மாட்டிய பெல்ட் ஒரு திங்களுக்குள் மீண்டும் தேயுமாயின், குற்றம் பெரும்பாலும் வேறிடத்தது என்க.

பழைய அச்சுக்கூடங்களில் ஓடிய தட்டைப் பெல்ட் தன் அடிப்பரப்பாற் பற்றும். 1917-இல் அமெரிக்கரான ஜான் கேட்ஸ் என்பார் உருவாக்கிய ஆப்பு வடிவ இரப்பர் பெல்ட்டோ, புல்லிப் பள்ளத்தின் இரு பக்கச் சுவர்களையே பற்றும், அடியைத் தொடலாகாது. சுவர் தேய்ந்து பெல்ட் அடியிற் படியுமாயின், ஆப்புப்போல் இறுகும் பிடி போய் வழுக்கும், வழுக்கலாற் சூடேறும், சூட்டால் இரப்பர் கெட்டிப்பட்டு வெடிக்கும். பள்ளத்தின் அடி கண்ணாடிபோல் மின்னுவதே இதற்கு அடையாளம். அப்புல்லியை மாற்றாதவரை எத்தனை பெல்ட் வாங்கினும் கடைக்காரருக்கே இலாபம்.

பெல்ட்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பின், புல்லிகள் நேர்கோட்டில் இல்லை என்பது தெளிவு. பழுது பார்த்தபொழுது ஒரு வாஷர் விடுபட்டதாலும் இது நேரும். ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் கோணல் விளங்கும். பெல்ட்டைக் கழற்றி ஆல்டர்னேட்டரைக் கையாற் சுழற்றுங்கால் கரகரத்தால், பேரிங் கெட்டது. எண்ணெய்க் கசிவு இரப்பரை உப்பச் செய்யும். நம் கரிசற் புழுதியோ அரம்போல் அராவும். சக்தியிழந்த பாட்டரியும், அழகுக்காகக் கூட்டிய விளக்குகளும் ஆல்டர்னேட்டரின் சுமையை மிகுத்து வழுக்கலை வளர்க்கும்.

கிறீச்சிடும் ஒலியைக் கேட்டவுடன் மிக இறுக்குவோர் உளர். அவர் பெல்ட்டைக் காத்துப் பேரிங்கை முறிப்பவர்! நீண்ட பகுதியின் நடுவே பெருவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் தாழ்தல் பல வண்டிகளுக்குப் பொருந்தும். திட்டமான அளவை வண்டிக்குரிய கைந்நூலிற் காண்க. புதுப் பெல்ட் சிறிது ஓடியபின் சற்றே நீளுமாதலின், மறுபடியும் இழுவை பார்த்தல் வேண்டும். பலர் மறப்பது இதுவே.

இச்சோதனைகளையெல்லாம் சரக்கேற்றுமுன், இஞ்சினை நிறுத்தி, பாட்டரிக் கம்பியைக் கழற்றிய பின்னரே செய்தல் வேண்டும்.