கடல் விட்டுப்போன தூண்கள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சொந்தபந்தம் இருந்து அங்கே போகிறவர்கள் ஒரு நாளை ஒதுக்கிவைத்துக்கொள்ள வேண்டிய இடம், பினக்கிள்ஸ் பாலைவனம். வடக்கே சுமார் 200 கிலோமீட்டர். 2010-ல் கடலோர நெடுஞ்சாலை முழுவதும் திறக்கப்பட்ட பிறகு, நகரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம்தான்.

இந்தப் பாலைவனம் அமைந்திருக்கும் நம்பங் தேசியப் பூங்காவுக்குள் நுழைந்து சிறிது தூரம் போனால் நிலத்தின் நிறமே மாறிவிடுகிறது. பழுத்த மஞ்சளில் மணல். அதிலிருந்து ஆயிரக்கணக்கில் முளைத்து நிற்கும் சுண்ணாம்புக்கல் தூண்கள். முழங்கால் உயரமும் உண்டு, மூன்று மீட்டரைத் தாண்டியவையும் உண்டு. அவற்றுக்கிடையே சுமார் நான்கு கிலோமீட்டர் வளைய வரும் மண் பாதையில் சாதாரண காரே போதும். பலரும் கண்ணாடியை இறக்கி நாலு படம் எடுத்துக்கொண்டு வெளியேறிவிடுகிறார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு இறங்கி நடக்காமல் போவது பெரிய இழப்பு.

ஏதாவது ஒரு தூணின் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். கல்லின் மேல் சாய்வாக வரிவரியாகக் கோடுகள் தெரியும். ஒரு கட்டுக் கோடுகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அதற்கு மேலே உள்ளவை வேறு பக்கம். அந்தக் காலத்து மணல்மேட்டில் காற்று திசை மாறி அடித்ததன் தடயம் அது. கல் முழுக்கக் கடல் தந்தது. சிப்பிகளும் சங்குகளும் நொறுங்கிய மணலைக் காற்று கரையேற்றிக் குவித்தது. மழைநீர் அதிலிருந்த சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே இறக்க, அடிமணல் இறுகிக் கல்லானது. பிறகு விரிசல்களில் வேரும் நீரும் புகுந்து அரித்ததில் எஞ்சியவையே தூண்கள் என்பது ஒரு விளக்கம். மணலில் புதைந்த மரங்களைச் சுற்றிச் சுண்ணாம்பு இறுகியது என்பது இன்னொன்று. ஆய்வாளர்களிடையே விவாதம் முடிந்தபாடில்லை. வயது 25,000 முதல் 30,000 ஆண்டுகள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

என்னை அதிகம் ஈர்த்தது வயதல்ல. இந்தத் தூண்கள் சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை வெளியே தெரிந்து, மீண்டும் மணலில் மூழ்கி, கடந்த சில நூற்றாண்டுகளில்தான் மறுபடி தலைகாட்டியிருக்க வேண்டும் என்கிறார்கள். யூவெட் நூங்கார் மக்களின் நிலம் இது. பழங்காலக் கல் கருவிகளும் இங்கே கிடைத்திருக்கின்றன. மணல் இன்றைக்கும் ஓயவில்லை. தெற்கிலிருந்து வீசும் காற்று வடபகுதித் தூண்களைத் திறந்துகொண்டும் தென்பகுதியில் இருப்பவற்றை மூடிக்கொண்டும் இருக்கிறது. நாம் பார்ப்பது பாதியில் நிற்கும் ஒரு வேலை.

மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்து மீனவ ஊர் செர்வான்டிஸ் இருக்கிறது. அங்கே சிங்கி இறால் பிரசித்தம். அப்படியே தெட்டிஸ் ஏரிக்கும் போய், நுண்ணுயிர்கள் கட்டியெழுப்பிய கற்குவைகளைப் பார்த்துவிடலாம். தூண்களுக்கு மாலையில் போங்கள். உச்சிவெயிலில் தட்டையாகத் தெரியும் கல், சாய்ந்த வெளிச்சத்தில்தான் அத்தனை வரிகளையும் காட்டுகிறது. கோடையில் வெயிலும் ஈயும் பாடாய்ப் படுத்தும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை போனால் வழியெல்லாம் காட்டுப்பூக்கள். தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். தூண்கள் மேல் குழந்தைகளை ஏற்றிப் படம் எடுக்காதீர்கள், மென்மையான கல் அது. இருட்டிய பிறகு சாலையில் கங்காருக்கள் குறுக்கே பாயும். இரவில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் செர்வான்டிஸிலேயே தங்கிவிட்டு, காலையில் கிளம்புவது உத்தமம்.