கருத்துக் கேட்பு சலுகையன்று, உரிமை

வேலூர் மாநகரம் 2016-இல் சீர்மிகு நகரத் திட்டத்திற்குத் தேர்வானது. இத்தகைய திட்டங்கள் நகர மையத்தைப் புதுப்பிக்கையில், யாருடைய கருத்தைக் கேட்க வேண்டும்?

கணியம்பாடிச் சேரியிலிருந்து வேலூர்ச் சாலையோரத்தில் கீரை விற்க வரும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். அவருடைய கிராம சபை கணியம்பாடியில், பிழைப்போ வேலூரில். மாநகராட்சித் தேர்தலில் அவருக்கு வாக்கில்லை. ஆகவே அவரை 'ஆக்கிரமிப்பாளர்' எனக் குறிப்பது அதிகாரிகளுக்கு எளிது.

ஆனால், 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் வாக்கை அல்ல, தொழிலையே அளவுகோலாகக் கொள்கிறது. கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் வழங்கப்படும்வரை எவரையும் அகற்றவோ இடம் மாற்றவோ 3-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. அதன் பின்னரும், 30 நாள் முன்னறிவிப்பின்றி அகற்றுவதை 18-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. 22-ஆம் பிரிவின்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகள் தாமே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருத்தல் வேண்டும்; அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள்; பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய இடம் வேண்டும்.

எனவே, கணக்கெடுப்பில் பெயர் ஏறுவதே முதற்போராட்டம். விடுபட்ட பெயருக்குக் குழுவில் குரலில்லை. வரைபடம் விரிக்கப்படும் முன்பே அப்பட்டியலைக் கேட்டுப் பெறுவோம்.